காடாத் துணியில் தைத்த பில்டர்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எப்போதும் முதல் வரியில் அப்பாவும் அம்மாவும் நலம் என்று எழுதிவிடுவேன். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. உங்க நைனாவுக்கு மூச்சு விடுவதே முழுநேர வேலையாகிவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்க நைனாவுக்கும் தெரியும். திரும்பி வரும் வழியில் சோளிங்கரில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கித் தரச் சொன்னார், வாங்கித் தந்தேன்.

சென்னையில் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி டாக்ஸி ஓட்டப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு விலையும் கட்டுப்படியாக வேண்டும், சரக்கும் சரியாக இருக்க வேண்டும், அப்படி எந்த ஆயில் பில்டர் வாங்கலாம் என்று அவரிடம் கேட்டு எழுதச் சொன்னாய். நீ கேட்டதாக மட்டும் சொல்ல வேண்டாம், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேள் என்றும் எழுதியிருந்தாய். ஒன்பது வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் அம்மையார்குப்பத்தில் உன் மாமன் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, திருத்தணியில் நம் வீட்டுக்கு வராமலே ரயிலேறிவிடுகிறவன் நீ. உன் எந்தக் கடிதத்திலும் அவர் இருந்ததில்லை. இதில்தான் முதல் தடவையாக ‘அவரிடம்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அதோடு நீ கேட்காத ஒன்றையும் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டால் அடுத்த பொங்கலுக்கு என்னைப் பார்க்கவும் நீ வராமல் போகலாம். அதற்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. உங்க நைனா உன்னைப் பார்க்காமல் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம், பில்டருக்காக இல்லை.

நீ சொன்னபடியே கேட்டேன். எதிர்வீட்டு மருமகன் பழைய வண்டி வாங்கியிருக்கிறாராம், பில்டர் எது வாங்கலாம் என்று கேட்கிறார் என்றேன். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, “எந்த வருஷத்து வண்டி?” என்றார். எனக்கு என்ன தெரியும். உள்ளே போய் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். “இஞ்சினு பிரிச்சி வேல செஞ்சிக்கீதா?” என்றார். மறுபடி உள்ளே போய் வந்தேன். மூன்றாவது தடவை நான் எழுந்திருக்கும்போது, “மெட்ராஸ் ரோடுன்னா நம்ம ஊரு மாதிரி மண்ணு தூசி இருக்காது. ஆனா நின்னு நின்னு போவணும், எண்ணெ சீக்கிரம் கருத்துப்பூடும்னு சொல்லு” என்றார். நான் மெட்ராஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினார். நானும் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாள், நாலு வார்த்தைக்கு ஒரு இருமல் என்று அவர் சொன்னதைத்தான் இங்கே உனக்கு எடுத்து எழுதுகிறேன்.

பெட்டியைப் பார்த்து வாங்காதே என்கிறார். பழைய பில்டரைக் கெரோசினில் அலசி, பளபளவென்று புதுப் பெட்டியில் போட்டு விற்கிறவர்கள் உண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உன் வண்டியில் ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் பில்டர் உட்காரும், நடுவில் ஒரு நீளப் போல்ட் போகும், அது உனக்கே தெரியும். பில்டரில் காகித மடிப்புகள் ஒரே அளவாக, நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார். மேலும் கீழும் தகரத்தோடு காகிதம் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தால் லேசாக நெம்பு. பெயர்ந்து வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு. நடுவில் இருக்கும் ஓட்டைக் குழாயை விரலால் அழுத்தினால் நசுங்கக் கூடாது. போல்ட்டுக்கான துளை லூசாக இருந்தால் எண்ணெய் வடிகட்டாமலே அந்த வழியாக ஓடிவிடும், அப்புறம் பில்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பழைய வண்டிக்கு ஆக விலை கூடியதை வாங்கி, வாங்கிவிட்டோமே என்று ரொம்ப நாள் ஓட்டுவதுதான் பெரிய தப்பு என்கிறார். நடுத்தர விலையில் நல்லதாக ஒன்று வாங்கு. எண்ணெய் மாற்றும்போதெல்லாம், சோம்பல்படாமல், கூடவே பில்டரையும் மாற்று. மேலே வரும் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடு. ஆனால் பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைக் கிளறி எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்தால் நடுரோட்டில் எண்ணெயெல்லாம் கொட்டிவிடும். டாக்ஸி ஸ்டாண்டில் எத்தனையோ பேர் அப்படிக் கொட்டியதை அவர் பார்த்திருக்கிறார். கழற்றிய பில்டரைத் தூக்கிப் போடும் முன் பிளேடால் கிழித்து வெயிலில் விரித்துப் பார்க்கச் சொல்கிறார். மினுக்மினுக்கென்று பொடி இருந்தால் உள்ளே பேரிங் தேய்கிறது. புதியதை மாட்டியபின் இஞ்சினைப் போட்டு, எண்ணெய் ஏறாததைக் காட்டும் சிவப்பு லைட் அணைந்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டுமாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்துத் தாளை மடித்தேன். கண்ணைத் திறக்காமலே, “துணியில மட்டும் தெச்சிப் போட வேணான்னு எழுது” என்றார்.

தம்பி, இனி எழுதுவது அவர் சொன்னது இல்லை.

உங்க நைனா ஓட்டிய நம் டாக்ஸி நின்றுபோன வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாதம் முன்னால் வண்டிக்குப் பில்டர் மாற்ற வேண்டியிருந்தது. அரக்கோணத்துக் கடைக்குப் போய் வந்தவர், நல்லது இல்லையாம், இருந்த ஒன்றைக் கையில் எடுத்தாலே காகிதம் கழன்று வருகிறது என்று சலித்துக்கொண்டார். நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். “எண்ணெய வடிகட்ட இன்னாத்துக்குக் காயிதம்? நான் நெய்யற காடாவுல தண்ணி ஊத்திப் பாரு, சொட்டுச் சொட்டாத்தான் எறங்கும்” என்றேன்.

“இது பலகாரம் சுட்ட எண்ணெ இல்லமே” என்று சிரித்தார். அன்றைக்குச் சிரித்தவர் நாலு நாள் கழித்து, பழைய பில்டரின் காகிதத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத் தகரக் கூட்டை மட்டும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் காடாத் துணியை மூன்று சுற்றாகச் சுற்றி மேலும் கீழும் நெருக்கித் தைத்தேன். தறியிலிருந்து இறக்கும் துணியில் கஞ்சி இருக்கும். பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தானே நெய்கிறோம். அது போக வெந்நீரில் சவுக்காரம் போட்டு இரண்டு தடவை அலசிக் காயவைத்துக் கொடுத்தேன். அது நன்றாகவே ஓடியது. கழற்றிப் பார்த்தபோது துணியில் கரிதான் அப்பியிருந்தது, ஒரு இழை பிரியவில்லை. உங்க நைனா ஸ்டாண்டில் எல்லாரிடமும் எங்க வூட்டுல நெய்ஞ்ச பில்டரு என்று காட்டினாராம். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஆர்.கே.பேட்டை சந்தையில் பார்த்தவர்களிடம்கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் இரண்டாவது துணி வேண்டும் என்றார். அந்த வாரம் தறியில் ஒரு அரக்குக்கரைப் புடவை இருந்தது, திருவிழாவுக்கு முன் இறக்கியாக வேண்டும். ஊரெல்லாம் காவடிக் கூட்டம். தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் நிற்க வேண்டும். அலமாரியில் அறுத்து வைத்திருந்த புதுக் காடாவை எடுத்தேன். கையில் கிடைத்த அரக்குக் கரைநூலைக் கோத்து, எட்ட எட்டத் தையல் போட்டு, அப்படியே கொடுத்துவிட்டேன். வாங்கும்போது அவர் கேட்டார், “கஞ்சி போவ அலசினியா?”

நான் தறியிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆங், அலசியாச்சு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒன்பது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் திட்டியிருக்க மாட்டார், தண்ணீருக்கு அவரே போய் நின்றிருப்பார். அவசரம் எனக்குத்தான். என் துணி எப்படி இருந்தாலும் தாங்கும் என்கிற திமிரும் எனக்குத்தான். பொய் சொல்லுகிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. வாய் சொல்லியது, கை அடுத்த இழையைப் போட்டது.

மீதி உனக்குத் தெரியும். நகரிக்கு முன்னால் வண்டி தடதடவென்று இடித்து, ஒரே இறுக்காக இறுகி நின்றபோது நீ முன் சீட்டில் இருந்தாய். காவடி முடித்துப் புத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் கைக்குழந்தையோடு உச்சி வெயிலில் இறங்கி நடந்தது. அந்த ஆள் உங்க நைனாவைத் தெலுங்கில் திட்டிய திட்டையெல்லாம் நீ கேட்டுக்கொண்டு நின்றாய். மூன்றாம் நாள் மெக்கானிக் காசிம் பாய் ஷெட்டில் இஞ்சினைப் பிரித்தபோதும் நீ வாசலில் இருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. காசிம் பாய் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார். கஞ்சியோடு இருந்த துணி சூட்டில் வெந்து பலகை மாதிரி விறைத்து, எண்ணெய் இறங்க வழியில்லாமல் தையலோடு பிளந்திருந்ததாம். பிரிந்த நூல் எண்ணெயோடு போய், பேரிங்குக்கு எண்ணெய் வரும் ஒரு துளையில் அடைத்துக்கொண்டது. அந்த ஒன்று மட்டும் அடைத்ததால் சிவப்பு லைட்கூட எரியவில்லை. அவர் கம்பியால் அந்த நூலை இழுத்து எடுத்து, “இன்னாண்ணே இது?” என்று கேட்டிருக்கிறார். உங்க நைனா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கிற உனக்குக் கேட்கிற மாதிரி, “பில்டரு மாத்தாம ஓட்டிட்டேன். என் தப்புதான்” என்றாராம்.

அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அது இருந்தது. இரண்டு விரல் நீளம், கரியாகக் கறுத்திருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே அரக்கு நிறம். நான் அதை அடுப்பில் போட்டேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பிறகு வருமானம் நின்று நீ படிப்பை விட்டாய். சென்னைக்குப் பட்டறை வேலைக்குக் கிளம்பிய அன்று, தெருவில் நாலு பேர் பார்க்க, “ஒரு பில்டரு மாத்தத் துப்பில்லாத ஆளுக்கு இன்னாத்துக்கு வண்டி, இன்னாத்துக்குக் குடும்பம்” என்று அவரைக் கேட்டாய். அவர் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வரப் பார்த்தார். நீ பிடுங்கிக்கொண்டாய். நான் உள்ளே தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும். நான் வரவில்லை. வந்து சொன்னால் நீ என்னையும் அப்படிப் பார்ப்பாயே என்று உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. தறியே வேண்டாம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்த மனிதர் அவர். அவரே ஆர்.கே.பேட்டையில் ஒரு பவர்லூம் ஷெட்டில் நூல் மூட்டை இறக்கவும் பஞ்சுத் தூசி கூட்டவும் போனார். ஏழு வருஷம். அந்தத் தூசிதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று வேலூரில் சொன்னார்கள். நீ பொங்கலுக்கு எனக்கு வாங்கி வந்த புடவைகளை நான் உடுத்திக்கொண்டு வரும்போதெல்லாம், கரை நல்லா இருக்குது என்று சொல்வார். அவ்வளவுதான் சொல்வார்.

இப்போது அவர் துணியில் தைக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “நான் அன்னிக்கு அலசல” என்றேன்.

“தெரியும்.”

“காசிம் பாய் சொன்னாரா?”

“அதுக்கு முன்னமே தெரியும். உன் கையிலர்ந்து வாங்கும்போதே மொடமொடன்னு இருந்துச்சி.”

“தெரிஞ்சா போட்டே?”

கொஞ்ச நேரம் இருமிவிட்டுச் சொன்னார். “அலசியாச்சுன்னு சொல்லிட்டே. மறுக்கா கேட்டா, நீ பொய் சொல்றியான்னு கேட்டா மாதிரி ஆவும். எப்பிடிக் கேக்கறது? ரெண்டு நாளுதானே, ஓடிப்பூடும்னு நெனச்சிகினேன்.”

இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி. அவர் என்னை இரண்டாம் தடவை கேட்கவில்லை, நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் உன் படிப்பும் போய், நீயும் எங்களுக்கு இல்லாமல் போனாய். உனக்கு என்னால் சொல்ல முடிந்த புத்திமதி ஒன்றே ஒன்றுதான். கடைக்காரன் சொன்னாலும், நாளைக்கு உனக்கு வாய்க்கப்போகிறவள் சொன்னாலும், கையில் தொடும்போது சந்தேகம் வந்தால் மறுபடியும் கேள். மனம் நோகுமே என்று விடாதே. நொந்தால் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பார்கள், அப்புறம் சரியாகிவிடும்.

உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். இத்தனை நாளில் அவர் என்மேல் கோபப்பட்டது அப்போதுதான். எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. “எழுதாத. அவனுக்கு எம்மேல கோவம் இருக்கட்டும், நான் இன்னா, இருக்கப் போறது நாலு நாளு. உம்மேலயும் கோவம் வந்துட்டா அப்பால அவனுக்குன்னு போவ வர ஒரு வூடு வேணாமா? அதுக்குத்தானே அன்னிக்கி அப்பிடிச் சொன்னேன்” என்றார். சரி, எழுதவில்லை என்று சொன்னேன். எதிர்வீட்டு மருமகன் கதையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அவரிடம் நான் சொல்லும் இரண்டாவது பொய் இது. இதற்காக நான் வருத்தப்படவில்லை.

நீ வர வேண்டும். உடனே வர வேண்டும். எனக்காக வராதே. என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு கார்டு போடு, நீ வரும் நாளில் நான் அம்மையார்குப்பம் போய்விடுகிறேன், நீ திரும்பிய பிறகு வருகிறேன். அதுவரை எதிர்வீட்டார் அவரைப் பார்த்துக்கொள்வார்கள், சாவியும் அவர்களிடம் இருக்கும். பகலில் வா, மாலையானால் இருமல் கூடிவிடும், பேச விடாது. அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது இடது விலாவைப் பிடிக்காதே, வலிக்கும். தண்ணீரை ஸ்பூனில் கொடு. உள்ளே போனதும் சும்மா நிற்காதே. அவருக்குக் கண் மங்கிவிட்டது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யார் வந்து நின்றாலும் இப்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுப் பார்க்கிறார். நாங்கள் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீ ஆமாம் என்று சொல்லு.

அம்மா